நம்ம ஊர் ஏரி, நம்ம ஊர்ப் பறவை: பிள்ளைகளுக்குக் கார்ட்டூன் எடுக்கப் போகிறோம், யோசனை சொல்லுங்கள்

மதுராந்தகம் டீச்சர்:

வணக்கம். மதுராந்தகம் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறேன். வேடந்தாங்கல் எங்களுக்குப் பக்கம்தான். வகுப்பில் ஸ்மார்ட் போர்டு வந்ததிலிருந்து தண்ணீர், பறவை, விலங்கு என்று பாடம் வந்தால் யூடியூபில் தமிழ்க் கார்ட்டூன் தேடிப் போடுவது வழக்கமாகிவிட்டது. பிள்ளைகள் கண் கொட்டாமல் பார்க்கிறார்கள். பார்ப்பதை அப்படியே நம்பவும் செய்கிறார்கள், அதுதான் எனக்குக் கவலை.

சென்ற மாதம் வகுப்பில் "நம்ம ஏரிக்குத் தண்ணி எங்கேயிருந்து வருது?" என்று கேட்டேன். பாதிப் பேர் "மலையில பனி உருகி வருது மிஸ்" என்றார்கள். தமிழ்நாட்டில் பனிமலையே கிடையாது. ஆனால் அவர்கள் பார்த்த நீர்ச்சுழற்சிப் படம் எல்லாவற்றிலும் ஒரு பக்கம் பனிமலை, நடுவில் ஆறு, மறுபக்கம் கடல். ஏரி என்று ஒன்று எங்குமே இல்லை. ஏரி வரும் படங்களிலும் நீல நிறத்தில் ஒரு வட்டம், அதில் நாலு வெள்ளை வாத்து. கரை இல்லை, மதகு இல்லை, ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழியும் கலங்கல் இல்லை. மழை ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது கொட்டுகிறது. எங்கள் ஏரிக்கோ ஐப்பசியிலும் கார்த்திகையிலும்தான் தண்ணீர் வரும்.

அதனால் நாங்களே எடுக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். நான், இன்னொரு ஆசிரியர், ஊரில் நன்றாகப் படம் வரையும் ஒரு கல்லூரிப் பெண். நாலு சின்னப் படங்கள் போதும். எதை எடுப்பது, எவ்வளவு நீளம், விலங்குகள் பேசலாமா கூடாதா, எல்லாவற்றுக்கும் உங்கள் கருத்து வேண்டும்.

கூழைக்கடா:

டீச்சர், நல்ல காரியம். பறவை பார்ப்பவன் என்ற முறையில் முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். "சைபீரியாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் பறவைகள் வேடந்தாங்கலுக்கு வந்து முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துத் திரும்பிப் போகின்றன" என்ற வரி உங்கள் படத்தில் வரவே கூடாது. கார்ட்டூன், கட்டுரைப் போட்டி, சுற்றுலா அட்டை என்று எங்கும் இதைத்தான் எழுதுகிறார்கள்.

அங்கே கடம்ப மரங்களில் கூடு கட்டுகிற நத்தை குத்தி நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், சங்குவளை நாரை, பாம்புத்தாரா, நீர்க்காகம், வக்கா எல்லாம் இந்தியத் துணைக்கண்டத்துப் பறவைகள். தண்ணீரும் இரையும் இருக்கும் இடத்தைத் தேடி இடம் மாறும், அவ்வளவுதான். வடக்கு ஆசியாவிலிருந்து வருபவை ஊசிவால் வாத்து, கிளுவை மாதிரியானவை. அவை இங்கே குளிர்காலத்தைக் கழிக்கும். கூடு கட்டுவது, முட்டையிடுவது எல்லாம் திரும்பிப் போன பிறகு வடக்கில்தான்.

இது தெரியாததால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். தன் ஊர் மரத்தில் பிறந்த பறவையை ஒரு குழந்தை "வெளிநாட்டு விருந்தாளி" என்று நினைத்துக்கொண்டு வளர்கிறது. விருந்தாளியை ஒரு சீசனுக்கு வேடிக்கை பார்ப்போம். அது நம்ம ஊர்ப் பறவை என்று தெரிந்தால்தான், ஏரி காய்கிற வருஷம் அது எங்கே போகும் என்ற கேள்வி வரும்.

நத்தை குத்தி நாரை பற்றி இரண்டு விஷயம், வரையும் பெண்ணிடம் சொல்லிவிடுங்கள். வளர்ந்த பறவைக்கு வாய் மூடியிருந்தாலும் அலகுகளுக்கு நடுவே இடைவெளி தெரியும். குஞ்சுக்கு அந்த இடைவெளி கிடையாது, வளர வளரத்தான் வரும். கூட்டில் இருக்கும் குஞ்சுக்கு இடைவெளி போட்டு வரைந்துவிடாதீர்கள். இரண்டாவது, அது நத்தையைப் பாக்குவெட்டி போல நொறுக்குவதில்லை. கீழ் அலகின் நுனியை நத்தையின் மூடிக்கு அடியில் விட்டு, ஓட்டோடு ஒட்டியிருக்கும் தசையை அறுத்து, சதையை மட்டும் உருவி எடுக்கும். ஓடு பெரும்பாலும் உடையாமலே கீழே கிடக்கும். நாற்று நட உழுது வைத்த கழனியில் வரப்போரம் இப்படி முழு ஓடுகள் சிதறிக் கிடப்பதை உங்கள் பிள்ளைகளே பார்த்திருப்பார்கள்.

பென்சில் ஃபிரேம்:

அனிமேஷன் வேலை பார்க்கிறேன், அதனால் செய்முறைப் பக்கம் மட்டும் சொல்கிறேன்.

ஒரு படம் 90 நொடிக்கு மேல் போக வேண்டாம். வினாடிக்கு 12 படம் என்று வைத்தாலே 90 நொடிக்கு 1,080 படங்கள். ஒவ்வொன்றையும் புதிதாக வரைய உட்கார்ந்தால் முதல் படத்திலேயே கை ஓய்ந்துவிடும். காகித வெட்டு முறை உங்களுக்குச் சரியாக வரும். நாரையின் உடல், கழுத்து, மேல் அலகு, கீழ் அலகு, கால் எல்லாம் தனித்தனித் துண்டு. மேலே கைப்பேசியை அசையாமல் கட்டிவிட்டு, துண்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் படம் எடுத்துக்கொண்டே போக வேண்டியதுதான். இதற்கு இலவச ஆப்கள் நிறைய இருக்கின்றன. கணினியில் செய்வதானால் ஓப்பன்டூன்ஸ், பிளெண்டர் இரண்டுமே இலவசம்.

துண்டு நகர்த்தும் வேலையைப் பிள்ளைகளிடமே கொடுங்கள். நாரை தலையைத் தண்ணீருக்குள் விடுவதைக் கையால் நகர்த்திப் பார்த்த பிள்ளைக்கு, கழுத்து எந்த இடத்தில் மடங்கும், கால் எப்படி ஊன்றும் என்பது மறக்காது.

பின்னணிக்கு உங்கள் ஏரியையே நாலைந்து கோணத்தில் படம் எடுத்து, அதைப் பார்த்து வரையுங்கள். அந்தப் பனைமரம், அந்த மதகு, கரைமேல் இருக்கும் கோயில். இணையத்தில் கிடைக்கும் ரெடிமேட் பின்னணியை எடுத்தால் பழையபடி நீல வட்டம்தான்.

விலங்குகள் பேசலாமா என்றால், செலவுக் கணக்கில் என் பதில் வேண்டாம் என்பதுதான். வாயசைவு பெரிய வேலை. கதை சொல்லும் குரல் ஒன்று போதும்.

வேளச்சேரி அம்மா:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். பெரியவள் இரண்டாம் வகுப்பு, சின்னவனுக்கு நாலு வயது. நான் கேட்பது ஒன்றுதான்: ஏரியைச் சொல்லித்தர இன்னொரு திரையா? ஐந்து வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இலேயே சொல்லிவிட்டது. எங்கள் வீட்டில் அந்தக் கணக்குக் காலை பத்து மணிக்கே முடிந்துவிடுகிறது. உங்கள் பிள்ளைகளுக்கு ஏரி நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. கையைப் பிடித்துக் கூட்டிப் போனால் ஆயிற்று, கார்ட்டூன் எதற்கு?

எங்களுக்குத்தான் வேண்டியிருக்கிறது. பால்கனியிலிருந்து பார்த்தால் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் தெரியும். ஒரு பக்கம் பெருங்குடி குப்பைமேடு, ஒரு பக்கம் பூநாரை. நடுவில் சாலை. எங்கள் பக்கமிருந்து உள்ளே இறங்கிப் பார்க்க வழியில்லை. 2015 டிசம்பர் வெள்ளம் பற்றி வீட்டில் பேச்சு வந்தால் "ஏன் நம்ம தெருவுக்குத் தண்ணி வந்துச்சு?" என்று பெரியவள் கேட்கிறாள். அதற்கு ஒரு படம் எடுங்களேன்.

மதுராந்தகம் டீச்சர்:

உங்கள் கேள்வி நியாயம். நானும் அதைத்தான் யோசித்தேன். கூட்டிப் போகத்தான் செய்கிறோம், ஆனால் கரையில் நின்றால் தெரிவது கொஞ்சம். நாரை தலையை உள்ளே விட்ட பிறகு சேற்றுக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாது. ஏரியில் தண்ணீர் நின்றால் கரைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கிணற்றில் மட்டம் ஏன் ஏறுகிறது என்று தெரியாது. தட்டான் பறக்கிறதைப் பார்க்கலாம். அதே தட்டான் அதற்கு முன்னால் தண்ணீருக்குள் இருந்துகொண்டு கொசுப்புழுவைத் தின்று வளர்ந்தது தெரியாது.

என் எண்ணம் இதுதான். கண்ணால் பார்க்க முடிந்ததைப் பிள்ளைகள் வெளியே போய்ப் பார்க்கட்டும். மண்ணுக்கு அடியில், தண்ணீருக்குள், இருட்டில் நடப்பதையும் ஆறு மாதம் காத்திருந்தால்தான் தெரிவதையும் மட்டும் கார்ட்டூன் காட்டட்டும். 90 நொடிப் படம் என்றால் அன்றைக்கு அந்த ஒரு படம் மட்டும். முடிந்ததும் பலகையை அணைத்துவிட்டுக் கரைக்குப் போவது. உங்கள் சின்னவன் வயதுப் பிள்ளைகளுக்கு இதை நான் எடுக்கவில்லை. எட்டு வயதுக்கு மேல்தான்.

கலங்கல்:

நான் விவசாயி, உத்திரமேரூர் பக்கம். எங்கள் ஏரிப் பாசன வேலைகளில் பல வருஷமாக இருக்கிறேன். டீச்சர் சொன்ன "பார்க்க முடியாததைக் காட்டுவது" சரி என்று படுகிறது. தண்ணீர் போகும் வழியும் அந்தக் கணக்கில்தான் வரும். முழு வழியையும் ஒரே பார்வையில் யாரும் பார்த்ததில்லை.

ஒரு படத்தை இப்படித் தொடங்குங்கள். மேல் ஏரி நிரம்புகிறது, கலங்கல் வழிகிறது, கால்வாயில் இறங்கிக் கீழ் ஏரிக்கு வருகிறது, அதுவும் நிரம்பி அடுத்ததற்குப் போகிறது. மதுராந்தகம் ஏரி வழிந்தால் கிளியாறு, கிளியாற்றிலிருந்து பாலாறு, பாலாற்றிலிருந்து கடல். பனிமலைப் படத்துக்குப் பதில் இதுதான் உங்கள் பிள்ளைகளின் நீர்ச்சுழற்சி. இதிலேயே நடுவில் ஒரு கால்வாயை அடைத்துக் காட்டுங்கள். கீழே இருக்கும் ஏரி காய்வதும், மேலே இருக்கும் தெருவில் தண்ணீர் ஏறுவதும் ஒரே சமயத்தில் நடக்கும். வேளச்சேரி அம்மா கேட்டதற்கும் அதுவே பதில். பள்ளிக்கரணைத் தண்ணீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து கோவளம் முகத்துவாரத்தில் கடலுக்குப் போக வேண்டும். சதுப்பு நிலம் சுருங்கி, போகிற வழியும் குறுகிப்போனால் தண்ணீர் தெருவில்தான் நிற்கும்.

இரண்டு விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒன்று, ஆபத்து. படம் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் தாங்களாக ஏரிக்கு ஓடக்கூடாது. சவுடு மண் அள்ளிய பள்ளங்கள் ஏரிக்குள் இருக்கின்றன. தண்ணீர் நிரம்பினால் மேலே ஒன்றும் தெரியாது. முழங்கால் அளவு என்று நினைத்து இறங்கினால் அடுத்த அடியில் ஆள் ஆழம். ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் எங்காவது பிள்ளைகள் இப்படிச் செத்த செய்தி வருகிறது. பள்ளம் எப்படி மறைந்திருக்கிறது என்பதை வெட்டுத் தோற்றத்தில் காட்டுங்கள். கார்ட்டூனால் மிகச் சுலபமாகக் காட்ட முடிவது இது. எனக்குக் கேட்டால் முதல் படமே இதுவாக இருக்க வேண்டும்.

இரண்டு, படத்தின் முடிவு. எல்லாப் படத்திலும் கடைசியில் நாலு பிள்ளைகள் கையுறை போட்டுக் குப்பை பொறுக்கி ஏரியைக் காப்பாற்றிவிடுகிறார்கள். ஏரி கெட்டது ஆக்கிரமிப்பாலும் கழிவுநீராலும் அடைபட்ட கால்வாயாலும். அதைச் செய்தது பெரியவர்கள், சரி செய்ய வேண்டியதும் பெரியவர்கள். பத்து வயதுப் பிள்ளையின் தலையில் அந்தப் பாரத்தை வைக்காதீர்கள். அவர்கள் தெரிந்துகொள்ளட்டும், ஆசைப்படட்டும். அது போதும்.

கூழைக்கடா:

கலங்கல் அண்ணன் சொன்ன இரண்டாவது விஷயத்தோடு ஒத்துப்போகிறேன். பெரியவர்கள் ஒழுங்காக நடந்துகொண்ட கதையும் நம்மிடம் இருக்கிறதே, அதை எடுக்கலாம். வேடந்தாங்கலில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டார்கள். ஊர்க்காரர்கள் அன்றைய செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டார்கள். 1798இல் அவர், பறவைகளைக் காக்கும் உரிமை ஊருக்கு உண்டு என்று கவுல், அதாவது உறுதிப் பத்திரம், எழுதிக் கொடுத்தார். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் பயிர் செழிக்கும் என்பது அந்த ஊர் உழவர்களுக்குத் தெரிந்திருந்தது. மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கோயில் கதையில் வரும் கலெக்டரும் இதே பிளேஸ்தான். உங்கள் பிள்ளைகளுக்கு அந்தக் கதை பாட்டிமார் சொல்லியே தெரிந்திருக்கும், அங்கிருந்து தொடங்கலாம்.

சிவகங்கைப் பக்கம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அதுவும் ஒரு நல்ல படமாகும்.

ஆனால் விலங்கு பேசுவது பற்றிப் பென்சில் ஃபிரேம் சொன்னதில் எனக்குப் பாதிதான் சம்மதம். கொக்கும் நண்டும் பேசிக்கொண்ட கதையைக் கேட்டுத்தான் நாம் எல்லாரும் வளர்ந்தோம். பேசட்டும். ஆனால் செய்வது உண்மையாக இருக்க வேண்டும். நாரை நாரையாக இரை தேட வேண்டும், தட்டான் தட்டானாக வளர வேண்டும். நாரையை நல்லவனாகவும் பாம்பை வில்லனாகவும் ஆக்கினால் அந்தப் பிள்ளை நாளைக்குத் தண்ணீர்ப் பாம்பைக் கண்டதும் கல்லைத் தூக்கும்.

கீபோர்டு தம்பி:

இவ்வளவு சிரமம் எதற்கு? இப்போது ஏஐயிடம் எழுதிக் கொடுத்தால் அதுவே படம் தந்துவிடுகிறது. நாலு படமும் ஒரே வாரத்தில் முடிந்துவிடும்.

பென்சில் ஃபிரேம்:

தம்பி, நான் வேலையில் அதைப் பயன்படுத்துகிறவன்தான், எதிர்ப்பு ஒன்றும் இல்லை. ஆனால் இந்த வேலைக்கு வேண்டாம் என்பேன். நாரை கேட்டால் ஐரோப்பாவின் வெள்ளை நாரை சாயலில் ஏதோ ஒன்று வரும், அலகு அழகாக மூடியிருக்கும். ஏரி கேட்டால் பின்னால் மலை முளைக்கும். டீச்சர் எந்தத் தவறைச் சரிசெய்ய இறங்கினாரோ அதுவே திரும்ப வரும். அதோடு, படம் எடுத்து முடிப்பது மட்டும் இங்கே நோக்கம் இல்லை. எடுக்கும்போது டீச்சரின் பிள்ளைகள் ஏரியை உற்றுப் பார்க்கப் போகிறார்களே, அதுதான் பெரிய லாபம்.

மட்டக்களப்பு வாவி:

நான் மட்டக்களப்பில் ஆசிரியர். எங்களுக்கும் இதே குறைதான். தமிழில் வருகிற சிறுவர் படங்களில் வாவி (கடலோரக் காயல்) இல்லை, கண்டல் (அலையாத்தி) மரம் இல்லை. எங்கள் பிள்ளைகளுக்கு வாவி என்றால் முதலில் நினைவுக்கு வருவது பாடும் மீன். நிலவு நாளில் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரில் விட்டு மறுநுனியைக் காதில் வைத்துக் கேட்பார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்த ஓசை எந்த உயிருடையது என்பதில் இன்றைக்கும் ஒருமித்த முடிவு இல்லை. அதையே படமாக எடுக்க விரும்புகிறோம். விடை சொல்லாமல், "எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?" என்று கேட்டு நிறுத்துவதாக எண்ணம். எல்லாப் படமும் விடையோடுதான் முடிய வேண்டுமா?

மதுராந்தகம் டீச்சர்:

உங்கள் படத்தை நான் கட்டாயம் பார்க்க வேண்டும், எடுத்ததும் இங்கேயே போடுங்கள். கேள்வியோடு முடிப்பதை எங்கள் படங்களிலும் செய்யப் போகிறேன்.

எல்லாவற்றையும் படித்துவிட்டு நாங்கள் மூவரும் உட்கார்ந்து பேசினோம். நாலு படங்கள்: மண் அள்ளிய பள்ளம், கலங்கல் வழிந்து கடல் வரை, நத்தையின் கோடைகாலம், கவுல் கதை. கலங்கல் அண்ணன் சொன்னபடி பள்ளம்தான் முதலில், கார்த்திகைக்குள் முடிக்க வேண்டும்.

நத்தைப் படம் பற்றி: சித்திரையில் ஏரி வெடித்துக் கிடக்கிறது. அந்த வெடிப்புக்கு அடியில் நத்தை ஓட்டின் மூடியை இறுக்கிச் சாத்திக்கொண்டு சேற்றுக்குள் கிடக்கிறது. மேலே ஆடு மேய்கிறது, பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். ஐப்பசியில் மழை வந்து மண் இளகியதும் மூடி திறக்கிறது. அதே இரவில் பெரிய தவளைகள் வெளியே வருகின்றன. ஆண் தவளை மஞ்சளாக மாறி, தொண்டையின் இரு பக்கமும் நீலப் பை உப்பக் கத்துகிறது. பிறகு உழவு, பிறகு நாரை. பிள்ளைகளிடம் சொன்னபோது ஒரு பையன் "அப்போ நாங்க கிரிக்கெட் ஆடுனப்ப நத்தை எங்க காலுக்கடியில இருந்துச்சா மிஸ்?" என்றான்.

ஒலிக்கு என்ன செய்வது? நாரைச் சத்தம் எங்கே கிடைக்கும்?

கூழைக்கடா:

நத்தை குத்தி நாரைக்குக் குரல் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. கூட்டில் அலகை அடித்துக் கடகடவென்று ஓசை எழுப்பும். கொக்கு மாதிரி கத்தவிட்டுவிடாதீர்கள். மற்றப் பறவைகளுக்குச் சேனோ-கேன்டோ தளத்தில் பதிவுகள் இருக்கின்றன. ஒவ்வொரு பதிவுக்கும் உரிமம் போட்டிருப்பார்கள். பலவற்றை வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. பள்ளியில் மட்டும் போடுவதானால் சிக்கல் இல்லை. யூடியூபில் விளம்பரத்தோடு போடுவதானால் பதிவு செய்தவரிடம் கேட்டுவிடுங்கள். தவளைச் சத்தத்துக்கு எங்கும் தேட வேண்டாம், முதல் மழை இரவில் கைப்பேசியை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனால் போதும்.

கலங்கல்:

நத்தைப் படத்தில் ஒரு திருத்தம். மழை வந்த உடனே உழவைக் காட்டாதீர்கள். ஏரியில் தண்ணீர் ஏறி, ஊர் கூடிப் பேசி, மதகு திறந்த பிறகுதான் கழனியில் ஏர் இறங்கும். நடுவில் மதகு திறக்கும் காட்சி ஒன்று வையுங்கள். எங்கள் ஊர் மதகைப் படம் எடுக்க வேண்டுமானால் வாருங்கள், பழைய கல் மதகு, உள்ளே தண்ணீர் சுழன்று இறங்குவது மேலிருந்தே தெரியும். பிள்ளைகளைக் கூட்டி வருவதானால் முன்கூட்டியே சொல்லுங்கள், கயிறும் நீச்சல் தெரிந்த இரண்டு ஆட்களும் ஏற்பாடு செய்துவைக்கிறேன்.

மதுராந்தகம் டீச்சர்:

வருகிறோம் அண்ணா. தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டுவிட்டுத் தேதி சொல்கிறேன்.